காலக்கெடு நீடிப்பு வெறுங் கந்தோர்க் கருமமா?

வேல்ஸ் நாட்டின் வடமேற்கே, மலைக்கும் கடலுக்கும் நடுவே, வேல்ஸ் மொழியே வீட்டிலும் கடையிலும் வழங்கும் சிற்றூர் ஒன்றை வாசகர்கள் மனத்தில் எண்ணிக்கொள்வாராக. ஒரு பள்ளிக்கூடம், ஒரு தேவாலயம், நூறு நூற்றிருபது வீடுகள், ஊர்ப்புறத்தே ஆடு மேயும் ஒரு வயல். அவ்வயலில் முப்பது வீடுகள் கட்டுவதற்கு உள்ளூராட்சி மன்றம் முன்னொரு நாள் அனுமதி வழங்கிற்று. ஐந்து ஆண்டுகள் கழிகின்றன. ஒரு கல்லேனும் வைக்கப்படவில்லை. காணிக்காரர் மீண்டும் மன்றத்தின் படியேறி வருகின்றார். புதிதாக அவர் எதனையும் கேட்கவில்லை. முன்பு தந்ததை இன்னுஞ் சில ஆண்டுகளுக்கு நீடித்துத் தருக என்றே கேட்கின்றார். படம் பழைய படம். வீடுகளின் தொகை பழைய தொகை. மாறுவது திகதி ஒன்றே.

இது தனியோர் ஊரின் கதையன்று. வேல்ஸ் மொழி இன்னும் ஊர்மொழியாய் வாழும் குவினெத், ஆங்கிள்சி, செரடிகியன், கார்மாதன் பகுதிகளில் திட்டக் குழுக்களின் முன் வரக்கூடிய சாதாரண விண்ணப்பம் இது. முன்பே முடிந்த காரியம், திகதியைத் திருத்திக் கையொப்பமிட்டால் போதும் என்று கருதுவார் உளர். எழுதுவினைஞர் ஒருவரின் பேனா செய்யத்தக்க வேலை இது என்பது அவர்கள் எண்ணம். நாம் அவ்வாறு எண்ணவில்லை. முதன்முதலில் அனுமதி கேட்ட நாளினும் நீடிப்புக் கேட்கும் நாளே அவ்வூருக்கு முக்கியமான நாள் என்பது நமது கருத்து. காரணத்தைக் கூறுமுன் சட்டத்தின் நிலையைச் சற்று விளக்குதல் வேண்டும்.

பிரித்தானியாவில் 1947ஆம் ஆண்டின் நகர நாட்டுப்புறத் திட்டச் சட்டத்தின் பின்னர், காணி ஒருவருக்கு உரியதாயிருப்பினும் அதிற் கட்டிடம் எழுப்பும் உரிமை அவருக்குத் தானாக உரியதன்று. அவர் மன்றத்தின் அனுமதியைப் பெறல் வேண்டும். இன்று இங்கிலாந்திலும் வேல்ஸிலும் நடைமுறையிலுள்ள 1990ஆம் ஆண்டுச் சட்டம் அவ்வனுமதிக்கு ஆயுள் வகுத்திருக்கின்றது. வேல்ஸில் வழமையான ஆயுள் ஐந்தாண்டு. அதற்குள் வேலை தொடங்காவிடில் அனுமதி இறந்துபடும். இறக்குமுன் நீடிப்பை விரும்புவோர் அதே சட்டத்தின் 73ஆம் பிரிவின் கீழ், காலத்தை வரையறுக்கும் நிபந்தனையை மாற்றும்படி விண்ணப்பிக்கலாம். நீடிப்பு என்பது வழக்குச் சொல்லே. சட்டத்தின் கண்ணுக்கு அது புதிய அனுமதி ஒன்றாகும். புதிய அனுமதியாதலால் மன்றம் அதற்குப் புதிய நிபந்தனைகளையும் இணைக்கலாம். இந்த ஒரு வசனத்தில் நமது வழக்கின் பாதி அடங்கிவிடுகின்றது.

ஆயுள் எதற்காக வகுக்கப்பட்டது? ஊர் மாறுகின்றது, கொள்கை மாறுகின்றது, பத்தாண்டுக்கு முன் நன்றெனப்பட்டது இன்று தீதாய் முடியலாம். ஆதலால், ஒரு தலைமுறை வழங்கிய அனுமதி அடுத்த தலைமுறையின் கையைக் கட்டிவிடலாகாது என்பதற்காகவே வகுக்கப்பட்டது. நீடிப்பு விண்ணப்பத்தை எப்போது மறுக்கலாம் என்பது பற்றி வேல்ஸில் மன்றங்களுக்கு வழங்கப்பட்ட வழிகாட்டலும் இதனையே கூறுகின்றது. முதல் அனுமதியின் பின்னர் நிலைமையில் முக்கியமான மாற்றம் ஏற்பட்டிருந்தால் மறுக்கலாம். வேலையைத் தொடங்காதே காலங்கடத்துவதால் அப்பகுதியின் எதிர்காலம் நிச்சயமற்றதாகுமெனின் அப்போதும் மறுக்கலாம். அனுமதிக்கு இன்னும் போதிய காலமிருக்க முந்திக்கொண்டு கேட்டாலும் மறுக்கலாம். இவையன்றிப் பொதுவாக மறுக்கலாகாது என்பதே அவ்வழிகாட்டலின் போக்கு.

நிலைமையில் முக்கியமான மாற்றம் என்பது யாது? புதிய வீதி திறக்கப்பட்டால் அது மாற்றம். வெள்ளம் வருமெனக் கண்டால் அது மாற்றம். வயலில் வௌவால் தங்கினாலும் மாற்றமே. ஆனால் ஊரின் மொழி தேய்ந்து போனால் அது மாற்றமாகாதா?

தேய்ந்திருக்கின்றதா என்று கேட்போருக்குக் குடிசன மதிப்பு விடை கூறும். 1911ஆம் ஆண்டில் வேல்ஸ் மொழி பேசியோர் 9 இலட்சத்து 77 ஆயிரத்துக்கு மேற்பட்டோர். நாட்டு மக்களில் நூற்றுக்கு 43.5 வீதம். 1961இல் அது 26 வீதமாயிற்று. 2021இல் 17.8 வீதம், தொகையில் ஏறத்தாழ 5 இலட்சத்து 38 ஆயிரம். மொழியின் கோட்டையெனப்படும் குவினெத்திலேயே 2011இல் 65.4 வீதமாயிருந்தது 2021இல் 64.4 வீதமாகக் குறைந்தது. இவற்றினும் கருத்தூன்றத்தக்க கணக்கு ஒன்றுண்டு. நூற்றுக்கு எழுபது பேருக்கு மேல் மொழியைப் பேசும் இடத்திலேயே, அறிமுகமற்ற இருவர் சந்திக்கும்போது அம்மொழியில் பேச்சைத் தொடங்குவர் என்பது மொழியறிஞர் பலர் கொள்ளும் அளவு. அத்தகைய வட்டாரங்கள் 2001இல் 54 இருந்தன. 2011இல் 39ஆகச் சுருங்கின. பத்தே ஆண்டில் நிகழ்ந்தது இது. ஒருமுறை வழங்கி ஒருமுறை நீடித்த அனுமதியின் ஆயுளும் பத்தாண்டே என்பதை வாசகர்கள் கவனிப்பாராக. எழுபதுக்கு மேல் இருந்த ஊருக்கென எழுதிய அனுமதி, அறுபதுக்கு இறங்கிவிட்ட ஊரின் தலையில் அப்படியே வந்து விழலாம்.

சட்டமும் இடையில் மாறியிருக்கின்றது. வேல்ஸ் திட்டச் சட்டம் 2015இல் நிறைவேறியது. விண்ணப்பம் ஒன்றைத் தீர்மானிக்கும்போது, அதற்குப் பொருந்துமளவில், வேல்ஸ் மொழியின் வழக்குப் பற்றிய காரணங்களையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும் என்பது அதனாற் சட்டப் புத்தகத்தில் ஏறிற்று. அதற்கு முன்னும் 1988 முதல் சுற்றறிக்கைகள் மொழியைக் குறிப்பிட்டன. சுற்றறிக்கை வேறு, சட்டம் வேறு என்பதை நியாயதுரந்தரர்களாகிய நம் வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. 2022ஆம் ஆண்டு ஒக்டோபரில் இன்னுமொரு மாற்றம் வந்தது. அதுவரை வீடு என்றால் ஒரே வகுப்பு. ஆண்டு முழுதும் குடும்பம் வாழும் வீடும், கோடையில் இரு கிழமை மட்டும் சாளரந் திறக்கும் விடுமுறை வீடும் சட்டத்தின் கண்ணுக்கு ஒன்றாகவே தோன்றின. 2022இல் வேல்ஸ் அரசாங்கம் அவற்றைப் பிரித்தது. நிரந்தர வாசத்துக்குரிய வீடு ஒரு வகுப்பு. இரண்டாம் வீடு வேறொரு வகுப்பு. குறுங்கால வாடகைக்கு விடும் வீடு மூன்றாம் வகுப்பு. அடுத்த ஆண்டு ஏப்ரல் முதல், இரண்டாம் வீடுகளுக்கு நூற்றுக்கு 300 வீதம் வரை மேலதிக வரி விதிக்கும் அதிகாரமும் மன்றங்களுக்குக் கிட்டிற்று.

வகுப்புகளைப் பிரித்த அரசாங்கம் வேறொன்றையும் செய்தது. நிபந்தனையோ விசேட கட்டளையோ தடுத்தாலன்றி, ஒரு வகுப்பிலிருந்து மற்றொன்றுக்கு அனுமதி கேளாமலே மாறிக்கொள்ளலாம் என்றும் விட்டுவைத்தது. இதன் விளைவைப் பாருங்கள். 2022க்கு முந்திய அனுமதிகளில், அந்த வகுப்புப் பிரிவையொட்டி இவ்வீடு நிரந்தர வாசத்துக்கு மாத்திரமே உரியது என்ற நிபந்தனை இருத்தல் இயலாது. அப்பிரிவே அன்று பிறக்கவில்லை. அத்தகைய அனுமதியை எழுத்துக்கு எழுத்து அப்படியே நீடித்தால், கட்டப்படும் முப்பது வீடுகளில் எத்தனை வேண்டுமாயினும் விடுமுறை வீடாகலாம். நீடிப்பு வேளையில் நிபந்தனையைச் சேர்த்தாற் கதவு மூடப்படும். சேர்க்காது கையொப்பமிட்டால் கதவு திறந்தே கிடக்கும். மன்றத்தின் கையில் அந்த ஒரு நாள் வந்து சேர்கின்றது. அதனையா கந்தோர்க் கருமமென்று கழித்துவிடுவது?

திறந்த கதவு எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு லீன் குடாநாட்டின் அபர்சோக் சான்று. கடற்கரை அழகினாற் பெயர்பெற்ற அவ்வூரில் வீடுகள் குறைந்தனவல்ல, பெருகின. வாங்கியோர் பெரும்பாலும் வெளியூர்ச் செல்வர். குடும்பங்கள் அருகின. பத்துப் பிள்ளைகளுக்கும் குறைவாகவே படித்த ஊர்ப் பாடசாலை 2021ஆம் ஆண்டு டிசெம்பர் முடிவோடு மூடப்பட்டது. வீடு கட்டினால் ஊர் வளரும் என்போர் அபர்சோக்கைப் போய்ப் பார்க்கட்டும். கூரைகள் வளர்ந்தன; பிள்ளைகளின் குரல் நின்றது.

கட்டுவோர் பக்கத்து நியாயத்தையும் கூறாது விடுவது முறையன்று. காலங்கடத்துவோர் எல்லோரும் விலையேறுமட்டும் காத்திருக்கும் வியாபாரிகளல்லர். 2008ஆம் ஆண்டின் நிதி நெருக்கடியின் பின் வங்கிகள் கைவிரித்தன. 2021இல் பாதுகாக்கப்பட்ட ஆறுகளில் பொசுபரசுக் கலப்புக்குக் கடுமையான வரம்பு விதிக்கப்பட்டபோது, டைவி ஆற்றுப் பகுதி முதலான இடங்களில் அனுமதி இருந்தும் இல்லாததுபோல வேலைகள் முடங்கின. இத்தகையோருக்கு நீடிப்பு மறுப்பது அநீதி. ஆனால் வேறொரு சாராரும் உளர். அத்திவாரத்துக்குச் சிறிது மண் வெட்டினாலே வேலை தொடங்கியதாகச் சட்டம் கொள்கின்றது. ஆதலால் ஒரு நாள் மண்வெட்டி பிடித்து, அனுமதியை உயிரோடு நிறுத்திவிட்டு, காணியைப் பல்லாண்டு தரிசாகப் போட்டுவைத்தல் எளிது. அவ்வனுமதி கிணற்றிற் போட்ட கல்லாய்க் கிடக்கும். நீடிப்புக் கேட்டு வருவோர் ஒரு வகையில் இவர்களினும் நேர்மையானவர். அவர் மன்றத்தின் முன் மீண்டும் வந்து நிற்கின்றார் அல்லவா?

வயலை விற்பவர் யார் என்ற கேள்வியையும் நாம் மறைக்கவில்லை. வேல்ஸில் எல்லாத் தொழிலிலும் உழவுத் தொழிலிலேயே மொழி பேசுவோரின் வீதம் அதிகம். மொழியைக் காத்து நிற்பவர் கமக்காரரே. பல வேளைகளில் வயலைக் கட்டிடக்காரருக்கு விற்பவரும் அவரே. ஆடு மேயும் நிலம் அனுமதி பெற்ற அன்றே பன்மடங்கு பெறுமதி பெறுகின்றது. மகனுக்குக் கமத்தை விட்டு, மகளுக்குப் பங்கு கொடுத்து, வங்கிக் கடனையும் தீர்க்க வழி தேடும் ஒருவர் ஒரு வயலை விற்றால் அவரைத் துரோகி என்று கூற நமக்கு வாய் வரவில்லை. காணியும் கடனும் அறிந்த நம் நாட்டுக் கமக்காரர் எவரும் அவ்வாறு கூறார். குற்றம் விற்பதில் இல்லை. விற்ற காணியில் யார் குடியேறுவது என்பதை விலை ஒன்றே தீர்மானிக்க விடுவதிற் குற்றம் உண்டு.

அவ்வாறாயின் வீடே கட்டவேண்டாமா என்று கேட்கலாம். கட்டல் வேண்டும். உள்ளூர் இளைஞன் வீடின்றிக் கார்டிப்புக்கோ மான்செஸ்டருக்கோ போய்விட்டால் அதனாலும் மொழி தேயும். வந்தோரால் அழியும் ஊர்களைப் போலவே, போனோரால் அழியும் ஊர்களும் உண்டு. ஆதலின், எல்லா நீடிப்பையும் எதிர்ப்பதே மொழிப்பற்று என்று முழங்குவோருடன் நாம் உடன்படோம். முப்பது வீட்டை ஒருங்கே கட்டிச் சந்தையில் எறிவதும், ஆண்டுக்கு ஐந்தாறாகக் கட்டி ஊரவர் வாங்கத்தக்க விலையில் ஒரு பகுதியை ஒதுக்குவதும் ஒன்றல்ல. முன்னதில் ஊர் கரையும்; பின்னதில் வந்தவர் பிள்ளையும் பள்ளிக்கூடத்தில் மொழியைக் கற்று ஊர்ப்பிள்ளையாகும். 106ஆம் பிரிவின் கீழ்க் காணிக்காரருடன் உடன்படிக்கை எழுதி, உள்ளூர்த் தேவைக்கு வீடு ஒதுக்கும் வழி நெடுங்காலமாகவே சட்டத்தில் இருக்கின்றது. கருவி இல்லை என்ற குறை இல்லை. எடுக்கும் கை இல்லை என்பதே குறை.

கை ஏன் எழவில்லை? இங்கேதான் நூதனமான ஒரு சுழற்சி நிகழ்கின்றது. மொழியின் நலத்தைப் பிரதேசத் திட்டம் வகுக்கும்போதே சீர்தூக்குதல் வேண்டும். திட்டத்தில் எதிர்பாராத பெரிய வீடமைப்பு வந்தாலன்றி, தனித்தனி விண்ணப்பத்துக்கெல்லாம் மொழித்தாக்க ஆய்வு வேண்டியதில்லை என்று வேல்ஸ் அரசாங்கத்தின் 2017ஆம் ஆண்டு ஆலோசனைக் குறிப்புக் கூறுகின்றது. நியாயமாகவே தோன்றும். ஆனால் திட்டம் வகுப்போர் பழைய அனுமதிகளைக் கைவசமுள்ள கணக்கிற் சேர்த்துக்கொண்டு, எஞ்சிய தொகைக்கே புதிய காணிகளைத் தேடுகின்றனர். பின்னர் நீடிப்பு விண்ணப்பம் வருகையில், இது திட்டத்தின் கணக்கில் அடங்கியதாயிற்றே என்பர் உத்தியோகத்தர். அனுமதி வழங்கிய நாளில் மொழி சட்டத்தில் ஏறியிருக்கவில்லை. திட்டம் வகுத்த நாளில் அது பழங்கணக்கு. நீடிக்கும் நாளில் அது திட்டக் கணக்கு. மூன்று வாசலிலும் மொழி வெளியே நின்று திரும்பிவிடுகின்றது.

சிறிய காகிதமென்று கந்தோர் கருதியதைப் பெரிய காரியமென்று கண்டவர்கள் வேல்ஸிலேயே இருந்தார்கள். லாங்கெனெக் என்ற ஊரில் ஐலீன், திரெவர் பீஸ்லி என்னும் தம்பதியர், உள்ளூர் வரிச்சீட்டை வேல்ஸ் மொழியில் தந்தாலன்றி வரி கட்டோம் என்று 1952இல் மறுத்தனர். பன்முறை நீதிமன்றம் ஏறினர். வீட்டுத் தளபாடங்களைப் பறிமுதல்காரர் தூக்கிச் சென்றனர். 1960இல் இருமொழிச் சீட்டு வந்தது. 1962ஆம் ஆண்டு பெப்ரவரி 13ஆம் நாள் வானொலியில் மொழியின் கதி பற்றிப் பேருரையாற்றிய சோண்டர்ஸ் லூயிஸ், பாராளுமன்றத்தைக் காட்டவில்லை, இத்தம்பதியரையே எடுத்துக்காட்டினார். உள்ளூராட்சிக் கந்தோரே மொழிப்போரின் களம் என்றார்.

உள்ளூராட்சி மன்றத்தின் அனுமதி எவ்வளவு பெறுமதியானது என்பதை அதனை இழந்தவர்கள் அறிவர். திருவெரின் பள்ளத்தாக்கில் நீர்த்தேக்கம் கட்ட விரும்பிய லிவர்பூல் மாநகரசபை, வேல்ஸ் மன்றங்களிடம் அனுமதி கேட்டு நிற்காமல், 1957இல் பாராளுமன்றத்தில் தனிச் சட்டமே நிறைவேற்றிக்கொண்டது. வேல்ஸின் 36 உறுப்பினருள் ஒருவரேனும் அதனை ஆதரித்து வாக்களிக்கவில்லை. 1965இல் கப்பெல் கெலின் என்ற ஊர், பாடசாலை, தேவாலயம், தபாற்கந்தோர், பண்ணைகளோடு நீரில் மூழ்கிற்று. 2005இல் லிவர்பூல் சபை மன்னிப்புக் கோரிற்று. அன்று, கேட்கப்படாமையே அவ்வூரின் துயரம். இன்று குவினெத் மன்றத்திடம் ஒவ்வொரு காணிக்காரரும் கேட்டே ஆகவேண்டும். அம்மன்றத்தின் உள்நிருவாக மொழியும் வேல்ஸ் மொழியே. கேட்கப்படும் அதிகாரத்தைப் பெற்றவர்கள், கேட்கும்போது கண்ணை மூடிக் கையொப்பமிடலாமா?

காணி, குடியேற்றம், மொழி என்ற மூன்று சொற்களும் ஒரே வசனத்தில் வரும்போது நம் வாசகர்களுக்கு நீண்ட விளக்கம் தேவையில்லை. 1957ஆம் ஆண்டின் பண்டாரநாயக்கா - செல்வநாயகம் ஒப்பந்தம் குடியேற்றவாசிகளைத் தெரிவுசெய்யும் அதிகாரத்தைப் பிரதேச சபைகளுக்கு வழங்க இசைந்தது. அடுத்த ஆண்டே கைவிடப்பட்டது. 1965ஆம் ஆண்டு டட்லி - செல்வநாயகம் உடன்பாட்டில் வடகிழக்குக் குடியேற்றத் திட்டக் காணிகள் முதலில் அந்தந்த மாவட்டத்துக் காணியற்றோருக்கு, அடுத்து வடக்குக் கிழக்கில் வாழும் தமிழ்பேசும் மக்களுக்கு என்ற வரிசை எழுதப்பட்டது. உள்ளூரவருக்கு முதலிடம் என்று வேல்ஸ் ஊர்கள் இன்று கேட்பதும் அதனையொத்த வரிசையே. ஒரு வேறுபாட்டை மறத்தலாகாது. இங்கே குடியேற்றியது அரசு. அங்கே குடியேற்றுவது பணம். அரசை எதிர்த்து ஒப்பந்தம் கேட்கலாம். பணத்தோடு ஒப்பந்தம் எழுதுவது எங்ஙனம்? நிபந்தனையால் மாத்திரமே எழுதலாம்.

2050க்குள் பத்து இலட்சம் பேர் வேல்ஸ் மொழி பேசவேண்டுமென்று 2017இல் அந்நாட்டரசு இலக்கு வகுத்தது. பள்ளிக்கூடத்தில் மொழியைக் கற்பித்துத் தொகையைக் கூட்டலாம். கற்றவர் பேசுவதற்கு ஓர் ஊர் வேண்டாமா? இதனை உணர்ந்தே 2022இல், சைமன் புரூக்ஸ் தலைமையில், வேல்ஸ் மொழிபேசும் ஊர்கள் பற்றிய ஆணைக்குழு அமைக்கப்பட்டது. 2024ஆம் ஆண்டு ஓகஸ்டில் வெளிவந்த அதன் அறிக்கை, மொழிச்செறிவு மிக்க பகுதிகளை வரையறுத்து அங்கே கொள்கைகள் வேறாயிருத்தல் வேண்டுமெனப் பரிந்துரைத்தது. ஆணைக்குழு அறிக்கைகள் அலுமாரியில் உறங்கும் வழக்கம் நம் நாட்டுக்கு மாத்திரம் உரியதன்று.

குவினெத்தும் ஆங்கிள்சியும் 2017இல் ஏற்ற கூட்டுத் திட்டம் 2011 முதல் 2026 வரையான காலத்துக்கு வகுக்கப்பட்டது. இரு மன்றங்களும் கூட்டைக் கலைத்துத் தனித்தனியே புதிய திட்டம் வகுக்கும் வழியிற் சென்றுள்ளன. பழைய அனுமதிகள் யாவற்றையும் மறுபடியும் கைவசக் கணக்கிற் சேர்ப்பதற்கு முன், ஒவ்வொன்றையும் எடுத்து, எந்த ஆண்டு வழங்கியது, அவ்வூரில் மொழி பேசுவோர் அன்று எத்தனை இன்று எத்தனை, நிரந்தர வாச நிபந்தனை உண்டா இல்லையா என்று எழுதி ஊரவர் காணும்படி வெளியிடுவார்களாக. நிபந்தனையற்ற அனுமதிக்கு நீடிப்புக் கேட்டு வருவோரிடம், நிபந்தனையை ஏற்றால் நீடிப்பு, ஏற்காவிடில் புதிய விண்ணப்பமும் அதனோடு மொழித்தாக்க ஆய்வும் என்று கூறுவார்களாக. நீடிப்பையும் ஐந்தாண்டுக்கு அள்ளிக் கொடாமல் ஈராண்டுக்கு அளந்து கொடுப்பார்களாக. ஆறு, வங்கி முதலிய காரணத்தால் உண்மையிலேயே தடைப்பட்டவர் அந்நிபந்தனையை மறுக்கப்போவதில்லை. மறுப்பவர் எதற்காகக் காத்திருந்தார் என்பதை ஊர் அன்று அறிந்துகொள்ளும்.